பேட்டரியில் பழுதா, சார்ஜரிலா?

நீரின் மின்னாற்பகுப்பை நடத்த எங்கள் பள்ளி இன்வெர்ட்டரே உதவியது. பேட்டரிக்கு வாரந்தோறும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டியிருந்தது. பேட்டரி நிரம்பிய பின்னும் சார்ஜர் மின்னோட்டத்தைக் குறைக்காவிட்டால் நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரியும். மூடிய அறையில் ஒரு தீப்பொறி போதும்; ஜன்னல்களைத் திறந்துவிட்டே தொடங்கினோம்.

இரவு முழுதும் சார்ஜ் ஆன பிறகு மல்டிமீட்டர் 15.6 வோல்ட் காட்டியது. 13.8 அருகே நிற்க வேண்டும். சார்ஜரைக் கழற்றி, சில மணி நேரம் கழித்து அளந்தோம்: 12.7. கலத்துக்கு ஏறத்தாழ 2.1 வீதம் ஆறு கலங்களும் நலம். ஒன்று ஷார்ட் ஆகியிருந்தால் 10.5தான் வரும், அப்போதும் சார்ஜர் ஓயாது, தண்ணீர் வற்றும். இந்தக் கணக்கைப் போட்டவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி!

எலக்ட்ரீஷியன் சார்ஜரின் பிரீசெட்டைத் திருகி 13.8க்கு இறக்கினார். புது பேட்டரி வாங்கும் பேச்சு நின்றது.