வங்குரோத்து மனுவும் வாடகை வீடும்

நம்பிக்கை: வாடகை நிலுவையில் விழுந்தால் நீதிமன்றத்தில் வங்குரோத்து மனு போட்டால் போதும், வீட்டுக்காரரால் எழுப்ப முடியாது.

உண்மை: இந்தக் கதையின் சொந்த ஊர் அமெரிக்கா. அங்கே மனு பதிவானதுமே கடன்காரர்களின் நடவடிக்கைகளுக்குத் தானாகவே தடை விழும். வெளியேற்றும் வழக்கும் அதற்குள் அடங்கும். ஆனால் 2005 திருத்தத்துக்குப் பிறகு, மனுவுக்கு முன்பே வீட்டுக்காரர் உடைமைத் தீர்ப்பு வாங்கியிருந்தால் அந்தத் தடை பெரும்பாலும் அவரைக் கட்டுப்படுத்தாது. அங்கேயே அரைவாசிதான் உண்மை.

திருகோணமலையில் அதுவும் இல்லை. நம்மிடம் இருப்பது 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வங்குரோத்துக் கட்டளைச் சட்டம். கடனுக்காக ஆளையே பிடித்துச் சிறையில் போட்ட காலத்தில் எழுதப்பட்டது. கைதிலிருந்து காப்பதும், இருக்கிற சொத்தைக் கடன்காரர்களுக்குப் பங்கிடுவதுமே அதன் வேலை. வாடகை நிலுவை வேண்டுமானால் கடன் கணக்கில் சேரும். வீடு சேராது, அது வாடகைக்காரரின் சொத்தே அல்லவே. தன் வீட்டைத் திருப்பிக் கேட்பவரை இந்தச் சட்டத்தைக் காட்டி நிறுத்தலாம் என்று எண்ணி மனுவுக்குச் செலவழிக்கும் காசை, நிலுவையில் கட்டினால் பலன் அதிகம்.

ஏன் என்றால், காலம் தருவது வேறு சட்டம். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் பொருந்தும் இடமானால், நிலுவைக்காக வழக்குப் போடுமுன் வீட்டுக்காரர் நோட்டீஸ் கொடுக்க வேண்டும்: முதல் தடவை நிலுவை வைத்தவருக்கு 3 மாதம், இரண்டாம் தடவை 2, அதற்கு மேல் 1. நோட்டீஸில் குறித்த முடிவுத் திகதிக்கு முன் நிலுவை முழுவதையும் கொடுக்க முன்வந்தால் அந்தக் காரணத்துக்கு வழக்கு நிற்காது. வழக்கு நடந்து தோற்றாலும், நோய், வேலையிழப்பு போன்ற காரணத்தால்தான் கட்ட முடியவில்லை என்று நீதிமன்றத்துக்குக் காட்டினால், தவணையில் செலுத்தச் சொல்லி வெளியேற்றும் கட்டளையை நிறுத்திவைக்க இடமுண்டு. சீனன்குடாவில் வேலை போனவருக்கு இந்தப் பிரிவு தெரிந்திருப்பது வங்குரோத்துச் சட்டம் முழுவதையும் படிப்பதைவிட மேல்.

ஒரு தடங்கல் இருக்கிறது. 1980, 2002 திருத்தங்கள் பெருந்தொகை இடங்களை இந்தச் சட்டத்துக்கு வெளியே எடுத்துவிட்டன. பிரதான வீதியில் அப்பப்பா காலத்துக் கடைக்கு இருக்கும் பாதுகாப்பு, உவர்மலையில் போன வருடம் எடுத்த மாடிவீட்டுக்கு இராமல் போகலாம். அப்படியானால் மாத வாடகைக்கு ஒரு மாத நோட்டீஸ்தான். எழுத்துமூல குத்தகைக்கு 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வழக்கை இன்னும் சுருக்கிவிட்டது.

நம்பிக்கை: வாடகை தராதவரின் வீட்டுக்குப் பூட்டுப் போடலாம், மின்சாரத்தை வெட்டலாம்.

உண்மை: போடக்கூடாது. தீர்ப்புக்குப் பிறகு பிஸ்கல் வந்து வெளியேற்றுவதுதான் முறை. பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டப்படி, 2 மாதங்களுக்குள் விடயம் நீதிமன்றத்துக்குப் போனால் உடைமையைத் திரும்பப் பெறலாம். பொலிசில் முறைப்பாடு எழுதிவைப்பதோடு ஓய்ந்துவிடுபவர்களுக்கு அந்த 2 மாதம் சத்தமில்லாமல் போய்விடும்.

நம்பிக்கை: பத்து வருடம் இருந்தால் வீடு நமக்கே.

உண்மை: வாடகைக்கு வந்தவர் எத்தனை வருடம் இருந்தாலும் வாடகைக்காரர்தான்.

வீட்டுக்காரர் வேண்டுமென்றே வாடகையை வாங்க மறுக்கிறாரா? வாடகைச் சட்டம் பொருந்தும் இடமானால், உள்ளூராட்சி மன்றத்தில் அதிகாரமளிக்கப்பட்டவரிடம் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அது வீட்டுக்காரரிடமே கட்டியதாகக் கொள்ளப்படும். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். போகும்போது நோட்டீஸையும் அந்தப் பற்றுச்சீட்டுகளையும் கொண்டுபோங்கள். முதலில் பார்ப்பது நோட்டீஸில் உள்ள திகதியைத்தான்.