ஒளியைக் கொண்டு கிணற்று ஜலத்தின் உப்பை அறியும் முறை

எண்ணூருக்கு வடமேற்கேயுள்ள மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி ஜலம் பல ஆண்டுகள் மிகுதியாக இறைக்கப்பட்டமையால், கடல்நீர் உள்நாட்டில் புகுந்து கிணறுகள் பல கெட்டன. ஒரு லிட்டரில் 2 கிராமுக்கு மேல் உப்புக் கரைந்த ஜலம் பெரும்பாலான பயிர்களுக்கு ஏற்றதன்று. ஜலம் கரிப்பதை நாக்கு அறியுமேயன்றி அதன் அளவைச் சொல்லாது. அளவை ஒளி சொல்லும்.

குளத்தில் ஊன்றிய கழி வளைந்து தோன்றுவதற்குக் காரணம் ஜலத்தில் ஒளி முறிவதேயாம். நல்ல ஜலத்தின் முறிவெண் 1.333, கடல்நீரின் முறிவெண் ஏறக்குறைய 1.339. முறிவெண் மிகுந்த பொருளுக்குள் மிகச் சாய்வாகச் செல்லும் ஒளி வெளியேறாமல் உள்ளேயே திரும்பும். வளைந்து விழும் நீர்த்தாரையினுள் ஒளி இவ்வாறு செல்வதை 1854-இல் டிண்டால் என்னும் அறிஞர் லண்டனில் காட்டினார்.

இன்று சிலிக்கன் தகட்டின்மேல் ஒளிக்கு வாய்க்கால் அமைக்கின்றனர். அதன் அகலம் தலைமயிரின் பருமனில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. வாய்க்கால் கரையில் ஈரம் கசிவதுபோல், ஒளியில் சிறு பங்கு அதன் வெளிப்புறத்தையும் தொட்டுச் செல்லும். அவ்விடத்தில் ஜலம் நின்றால், அதன் முறிவெண் உள்ளே செல்லும் ஒளியைப் பாதிக்கும். வாய்க்காலை வளையமாக அமைத்தால், அவ்வளையத்துக்குப் பொருந்திய அலைநீளமுள்ள ஒளியே அதில் தங்கும். உப்பு ஏறினால் அந்த அலைநீளம் மாறும். அம்மாற்றமே அளவு.

இதில் கவனிக்கவேண்டியவை இரண்டு. உஷ்ணமும் முறிவெண்ணை மாற்றுமாதலால், ஜலம் படாதபடி மூடிய மற்றொரு வளையத்தைப் பக்கத்தில் வைத்து, உஷ்ணத்தால் வரும் மாற்றத்தைக் கழிக்கவேண்டும். மேலும், கரைந்தது உப்போ உரமோ என்பதை முறிவெண் ஒன்றே கூறாது. அதற்கு ரசாயனப் பரீட்சை அவசியம்.

சென்னை ஐ.ஐ.டி.யில் இத்தகைய சிலிக்கன் தகடுகளை ஆராயும் மையம் ஒன்று நடைபெறுகிறது. இக்கருவி வயலுக்கு வரும்வரை, மிராசுதார்கள் மண் பரிசோதனை நிலையத்தில் ஜலத்தையும் சோதித்துக்கொள்ளல் நலம். பம்பை அரைமணி நேரம் ஓட்டிய பின்னரே சுத்தமான புட்டியில் ஜலம் பிடிக்கவும். கோடையிலும் மழைக்காலம் கழிந்த பின்னரும் எடுத்த அளவுகளைக் கிராம அதிகாரிகள் சர்வே நம்பர் வாரியாகக் குறித்துவைப்பார்களாக.

கடலோரத்தில் நல்ல ஜலம் உப்பு ஜலத்தின்மேல் மிதந்து நிற்கிறது. நல்ல ஜலமட்டம் 1 அடி தாழ்ந்தால், அடியிலுள்ள உப்பு ஜலம் காலப்போக்கில் ஏறக்குறைய 40 அடி உயரக்கூடும். ஆகவே அளவு ஏறக் கண்டவுடன் இறைப்பைக் குறைப்பதே கிணற்றைக் காக்கும் வழியாகும்.