காணிகளின் மலைக்குப் போகுமுன்

பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்த கையோடு தக்கலை, குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறைக்குக் கிளம்புகிறவர்கள் உண்டு. 1906-ல் கட்டி முடித்த அணைக்கு அப்பால் இருக்கும் காடு, காணிக்காரர்கள் என்ற பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வாழும் இடம்.

1. காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி கட்டாயம். நாகர்கோவில் மாவட்ட வன அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

2. அந்த அனுமதி மட்டும் போதாது. குடியிருப்பில் கால் வைக்குமுன் ஊர்த் தலைவரான மூட்டுக்காணியிடம் கேளுங்கள். காட்டைக் காக்கும் உரிமையை 2006 வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கும் தந்திருக்கிறது. சொல்லைக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். அங்கே உலுரு பாறை 1985-ல் அதன் பழங்குடிகளான அனங்கு மக்களுக்குத் திருப்பித் தரப்பட்டது. பூங்காவை அவர்களும் அரசும் சேர்ந்து நடத்துகிறார்கள். பாறையில் ஏறாதீர்கள் என்று அவர்கள் பல காலம் வேண்டியும் பயணிகள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். 2019 அக்டோபரில்தான் அது நின்றது. நாம் அப்படி இருக்க வேண்டாம். ஓரிடத்துக்கு வராதீர்கள் என்று காணிகள் சொன்னால், காரணம் கேட்காமல் நின்றுவிடுங்கள்.

3. மழைக்காலத்தில் அட்டை அதிகம். கல்லுப்பைத் துணியில் முடிந்து கையில் வைத்திருங்கள்; ஒற்றினால் விழுந்துவிடும், பிடித்து இழுக்க வேண்டாம். கடிவாயைத் தண்ணீரில் கழுவி, துணியால் சற்று நேரம் அழுத்தினால் ரத்தம் நிற்கும்.

4. யானை நடமாடும் காடு. இருட்டுமுன் திரும்புங்கள். உரக்கப் பாட்டு வைக்காதீர்கள்.

5. பச்சிலை எதையும் பறிக்காதீர்கள். மருந்துச் செடியைக் காட்டச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். 1987-ல் அகத்தியமலையில் களைத்துப்போன ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிய காணிகள் தின்னக் கொடுத்த காயிலிருந்துதான் ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகை வெளியுலகுக்குத் தெரிந்தது. அதைச் சேர்த்து ‘ஜீவனி’ என்ற மருந்து வந்தது. உரிமத் தொகையில் பாதி காணிகளுக்கு என்று ஏற்பாடாகி, 1997-ல் கேரளத்தில் அவர்களுக்கென அறக்கட்டளையும் அமைந்தது. அவர்கள் அறிவுக்கு விலை உண்டு என்பதை உலகம் ஒப்புக்கொண்ட அரிய நிகழ்ச்சி அது.

6. வீட்டுக்குள் எட்டிப் பார்த்துப் படம் எடுக்காதீர்கள். சாற்றுப்பாட்டு அவர்களுடைய வழிபாடு. நமக்காகப் பாடச் சொல்வது முறையல்ல.

7. சோற்றுப் பொதியை வாழையிலையில் கட்டுங்கள். பிளாஸ்டிக் எதுவும் மலையில் தங்கக் கூடாது.

8. தேன், நல்லமிளகு, மரச்சீனி விற்பதற்கு இருந்தால் அவர்களிடமே வாங்குங்கள். கேட்ட விலையைக் கொடுங்கள், பேரம் வேண்டாம்.