பெட்டிக்குப் பெயர் வைத்தீர்களா?

சிஸ்டம் அட்மின் வேலைக்கு நேர்காணலுக்கு வருபவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வீட்டு லினக்ஸ் பெட்டியிலிருந்து உங்க ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்பியிருக்கீங்களா?" சான்றிதழ்க் கட்டோடு வந்தவர்களும் இங்கே முழிக்கிறார்கள். பழைய லேப்டாப் ஒன்று இருந்தால் ஞாயிற்றுக்கிழமையே செய்து பார்த்துவிடலாம்.

முதலில் பெயர். டொமைனோடு சேர்ந்த தன் முழுப்பெயர் தெரியாத பெட்டியில், சென்ட்மெயில் என்ற மெயில் சர்வர் பூட் ஆகும்போது ஒரு நிமிடம் அப்படியே நிற்கும். ஹேங் ஆகிவிட்டது என்று பவரைப் பிடுங்கியவர்களில் நானும் ஒருவன்.

டெபியனில் எட்சி அடைவிலுள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறங்கள். 127.0.1.1 வரியில் முழுப்பெயர் முன்னால், சுருக்கப்பெயர் பின்னால். மாற்றிப் போட்டால் 'ஹோஸ்ட்நேம் -எஃப்' சுருக்கப்பெயரைத்தான் காட்டும். வீட்டு டொமைனுக்கு '.லோக்கல்' வேண்டாம், அது மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கு ஒதுக்கப்பட்டது. வீடுகளுக்கென்றே 2018-இல் வந்த ஆர்எஃப்சி 8375 'ஹோம்.ஆர்ப்பா'வைக் கொடுத்திருக்கிறது. இரண்டு மூன்று கணினிக்கு ஹோஸ்ட்ஸ் கோப்பே போதும். அதற்கு மேல் போனால் டிஎன்எஸ்மாஸ்க் போடுங்கள்.

இனி மெயில் சர்வர்; நாம் போடப்போவது போஸ்ட்ஃபிக்ஸ். நேரடியாக அனுப்பவிட்டால் பெரும்பாலும் 'கனெக்‌ஷன் டைம்ட் அவுட்'தான். ஸ்பாமுக்குப் பயந்து பல இணையச் சேவையாளர்கள் வீட்டு இணைப்புகளில் போர்ட் 25-ஐ அடைத்து வைத்திருக்கிறார்கள். திறந்திருந்தாலும் வீட்டு ஐபியை எதிர்முனை நம்புவது அபூர்வம். அதனால் மெயில் ஜிமெயில் சர்வர் வழியாகப் போகும்படி ரிலேஹோஸ்ட் வையுங்கள்: சதுர அடைப்புக்குறிக்குள் எஸ்எம்டிபி.ஜிமெயில்.காம், வெளியே முக்காற்புள்ளி வைத்து 587. பலர் அந்த அடைப்புக்குறியை விட்டுவிடுகிறார்கள். 'எம்எக்ஸ் பதிவைத் தேடாதே, இந்தப் பெயருக்கே நேராகப் போ' என்று போஸ்ட்ஃபிக்ஸுக்குச் சொல்வதே அதுதான்.

ஜிமெயிலின் வழக்கமான பாஸ்வேர்ட் இங்கே செல்லாது. இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் எடுங்கள். அதை எழுதிய கோப்புக்கு முதலில் 600 அனுமதி, பிறகுதான் போஸ்ட்மேப் கட்டளை. மாற்றிச் செய்தால் போஸ்ட்மேப் உருவாக்கும் கோப்பை அந்தப் பெட்டியில் யாரும் படிக்கலாம்.

மெயில் போகவில்லையா? 'மெயில்கியூ' பாருங்கள், லாக் பாருங்கள். 'ஹோஸ்ட் நாட் ஃபவுண்ட்' என்றிருந்தால் மெயில் அமைப்பைத் தொடாதீர்கள், டிஎன்எஸ்ஸைப் பாருங்கள்.

நேர்காணலுக்கு வரும்போது அந்த லாக்கில் இரண்டு வரியைப் பிரிண்ட் எடுத்து வாருங்கள்: 'டெஃபர்டு' என்று நின்றது ஒன்று, 'சென்ட்' என்று போனது ஒன்று. நடுவில் என்ன செய்தீர்கள் என்பதுதான் என் அடுத்த கேள்வி.