காற்றின் போக்கும் சன்னலின் இடமும்

கட்டடத்தின் மீது மோதும் காற்று, எதிர்ப்படும் சுவரில் அழுத்தத்தைக் கூட்டிப் பின்சுவரில் அதைக் குறைப்பதால், அவற்றுக்கிடையிலான அழுத்த வேறுபாடே அறைக்குள் காற்றை நடத்திச் செல்கிறது. ஆகவே ஒரு சன்னலை மட்டும் அகலத் திறப்பதைவிட, காற்று புகும் சன்னலையும் அது வெளியேறும் மற்றொன்றையும் ஒருசேரத் திறப்பதே பயன் தரும். குறுக்குக் காற்றோட்டம் எனப்படும் இம்முறை, கூரை உயரத்தைப் போல் ஏறத்தாழ 5 மடங்கு ஆழம் வரை செயல்படும் என்பது கட்டடக் கலைஞர்களின் பொதுக் கணக்கு. 3 மீட்டர் உயர அறைக்கு அது 15 மீட்டர். இடையிலுள்ள அறைக்கதவு சாத்தியிருப்பின் இக்கணக்கு பொய்த்துவிடும்.

எச்சன்னல் வழியே காற்று புகுகிறது என்பதை அறிய, மின்விசிறியை நிறுத்திவிட்டு, திரைச்சீலையிலிருந்து விலக்கி ஊதுவத்தியைப் பிடித்து, புகை சாயும் பக்கத்தைக் கவனித்தால் போதும்.

சென்னை போன்ற கிழக்குக் கடற்கரை நகரங்களில், கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழுவதால், காலை வெயிலுக்காகச் சாத்திய கிழக்குச் சன்னல்களை அப்போது திறக்கலாம். காற்று சுவருக்கு இணையாக வீசுமிடத்தில், வெளிப்புறம் திறக்கும் சன்னல் கதவின் கீல், காற்று விலகிச் செல்லும் பக்கம் அமைந்திருந்தால், அக்கதவே காற்றை மறித்து உள்ளே திருப்பும். தச்சரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டிய செய்தி இது.

கொசுவலை காற்றோட்டத்தைக் கணிசமாகக் குறைக்கும். அதில் தூசி படிந்தால் இன்னும் குறையும். காற்றே அசையாத இரவுகளில், வெப்பக் காற்று மேலெழும் இயல்பினால், கூரையை ஒட்டிய காற்றுப்போக்கிகள் கைகொடுக்கின்றன. அவற்றைப் பலகை வைத்து அடைப்பது பல வீடுகளில் காணப்படும் தவறு.