அப்பாவுக்கு என்ன நோய்?

தஞ்சோங் பகார் பிளாசாவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவருக்கு வயது 38. உடம்பில் எந்தக் குறையும் இல்லை.

அவருடைய பக்கத்து வீட்டுப் பெரியவர், சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் இலவசமாகத் தந்த மலப் பரிசோதனைப் பெட்டியைக் காட்டுகிறார். வீட்டிலேயே மாதிரி எடுத்து அஞ்சலில் அனுப்பலாம். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் கலந்திருந்தால் அது காட்டிவிடும். "எனக்கும் இதுவே போதும். விடுப்பு எடுக்க வேண்டியதில்லை" என்று அவர் நினைக்கிறார்.

மருந்தகத்தில் மருத்துவர் வேறொன்றைக் கேட்கிறார். "குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா?"

"அப்பாவுக்கு வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள்."

எந்தக் கட்டி? எந்த வயதில்? அவருக்குத் தெரியாது. நோயின் பெயரைச் சொல்லவே அஞ்சும் குடும்பங்கள் நம்மிடையே இன்னும் உண்டு. அன்றிரவு அம்மாவிடம் கேட்டபோதுதான் தெரிகிறது: பெருங்குடல் புற்றுநோய், 48 வயதில்.

இலவசப் பெட்டி 50 வயதை எட்டிய பொதுமக்களுக்கு உரியது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இளவயதில் இந்நோய் வந்திருந்தால், பெருங்குடலைக் கருவிமூலம் உள்நோக்கும் பரிசோதனையையே மருத்துவர்கள் பரிந்துரைப்பர். உறவினருக்கு நோய் கண்டறியப்பட்ட வயதுக்கு 10 ஆண்டுகள் முன்பே அதைத் தொடங்கச் சொல்வதுண்டு. 48இல் 10 போனால் 38!

இந்நோய் பெரும்பாலும் குடலில் தோன்றும் சிறு சதை வளர்ச்சியிலிருந்து உருவாகிறது. அவ்வளர்ச்சியில் எப்போதும் இரத்தம் கசிவதில்லை. எனவே, மலப் பரிசோதனையில் அது தப்பிவிடலாம். உள்நோக்கும்போதோ, அதை அப்போதே அகற்றிவிடலாம்.

ஆனாலும், அவர் தயங்குகிறார். மருத்துவர் வற்புறுத்தவில்லை. "உங்களைத் தடுப்பது எது?" என்றுதான் கேட்கிறார். வலி என்றால், மயக்க மருந்து உண்டு. செலவு என்றால், மெடிசேவ் உதவும். குடலைச் சுத்தம் செய்யப் பேதி மருந்து குடிக்க வேண்டும், அது சிரமம்தான். அரிதாக இரத்தக்கசிவோ குடலில் துளையோ ஏற்படலாம் என்பதையும் மருத்துவர் மறைக்கவில்லை.

"முடிவைக் கேட்கத்தான் பயமாக இருக்கிறது, டாக்டர்."

அதற்கு மருந்து இல்லை. யோசிக்க இரண்டு வாரம் கேட்டுக்கொண்டு வெளியே வருகிறார். மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது திடீரென ஒன்று தோன்றுகிறது. கைப்பேசியை எடுக்கிறார்.

"அக்கா, அப்பாவுக்கு என்ன நோய் என்று உங்களுக்குத் தெரியுமா?"