பெட்டியில வச்சா தப்பிக்குமா?

அருமனை

அன்புள்ள மக்களே,

ஹவுஸ் சர்ஜனாக அடுத்த மாதம் உனக்குப் பிரசவ வார்டு என்று அம்மா சொன்னாள். 25, 26 வாரத்திலேயே வலி கண்ட தாய் யாராவது அங்கே வருவாள். 28 வாரம் திகையாமல் பிறக்கப்போகும் பிள்ளையைப் பற்றி அவளிடமும் வீட்டாரிடமும் பேசுவது தனி வித்தை. இப்போது பெரிய டாக்டர் பேசுவார். பிறகு நீதான் பேசவேண்டும்.

முதலில் ஃபைலைப் புரட்டி, முதல் மூன்று மாதத்து ஸ்கேனைத் தேடு. வாரக் கணக்குக்கு அதுதான் ஆதாரம். ஒரு வாரம் மாறினாலே சொல்லவேண்டிய சேதி மாறிவிடும். ஆனால் வாரம் மட்டும் போதாது. எடை, ஆணா பெண்ணா, ஒற்றையா இரட்டையா, தாய்க்கு ஸ்டீராய்டு போட்டாயிற்றா என்பதும் பிழைப்பைத் தீர்மானிக்கின்றன என்று 2008இல் ஜான் டைசன் குழுவினர் அமெரிக்காவில் காட்டினார்கள். ஆணா பெண்ணா என்று இங்கே ஸ்கேனில் பார்த்துச் சொல்லச் சட்டம் இடம் தராது. நம் கையில் இருப்பது ஸ்டீராய்டு ஊசிதான். தாய்க்குப் போட்டால் பிள்ளையின் நுரையீரல் முதிரும் என்று 1972இல் நியூசிலாந்தின் லிகின்ஸும் ஹவியும் நிறுவினார்கள்.

அடுத்தது, எங்கே பிறப்பது? பிறந்த பிள்ளையை ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே தாயைக் கொண்டுபோவது மேல். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜா, எல்லை தாண்டித் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரியா என்று நம்மூர்க்காரர்கள் குழம்புவார்கள். கிளம்புமுன் முதல் ஊசி போட்டாயிற்றா என்று பார்.

பிறகு உட்கார்ந்து பேசு, நின்றுகொண்டு பேசாதே. "டாக்டர் இதுவரை என்ன சொன்னாங்க?" என்று முதலில் கேள். "ஏழாம் மாசப் பிள்ளை தப்பும், எட்டாம் மாசப் பிள்ளைதான் தப்பாது" என்று ஆச்சி ஒருத்தி குறுக்கே வருவாள். வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் லாபம்தான் என்று பொறுமையாகச் சொல். "பெட்டியில வச்சா தப்பிக்குமா?" என்று இன்குபேட்டரை நினைத்துக் கேட்பார்கள். அதற்குச் சதவீதம் சொல்லாதே. இதே கர்ப்ப வாரத்தில் இந்த ஆஸ்பத்திரியில் பிறந்த பத்துப் பிள்ளைகளில் எத்தனை வீடு போயின, எத்தனை போகவில்லை என்று இரண்டையும் சொல். ஜப்பானில் 22 வாரப் பிள்ளையும் பிழைக்கிறதே என்று யாராவது கேட்டால், அது அந்த ஊர் வசதிக்கு வந்த கணக்கு என்று விளக்கு.

பிழைத்தால் என்ன என்பதையும் மறைக்காதே. மூச்சு மெஷின், மூளையில் ரத்தக் கசிவு, இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கவேண்டிய விழித்திரைப் பரிசோதனை, மாதக் கணக்கில் ஆஸ்பத்திரி வாசம். பணக் கவலையையும் நீயே எடுத்துப் பேசு. அவர்களாகக் கேட்கக் கூசுவார்கள்.

பிழைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்றால் "ஒண்ணும் செய்ய முடியாது" என்று மட்டும் சொல்லாதே. வலியில்லாமல், அம்மா நெஞ்சோடு வெதுவெதுப்பாக வைத்திருப்பதும் மருத்துவம்தான். எந்த வழி என்பதை வராந்தாவில் ஆண்கள் கூடி முடிவுசெய்ய விடாதே, தாயிடம் கேள். ஆனால் முழுப் பாரத்தையும் அவள் தலையில் ஏற்றாதே. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அவள் கேட்டால், டாக்டர் தன் கருத்தைச் சொல்லத்தான் வேண்டும்.

ஒரே பேச்சில் எதுவும் மனதில் நிற்காது. சில மணி நேரம் கழித்து மறுபடி போ. சொன்னதையும் அவர்கள் கேட்டதையும் கேஸ் ஷீட்டில் எழுதி வை. இரவு டியூட்டிக்கு வருபவர் வேறு கதை சொன்னால், அந்த வீட்டார் உங்கள் இருவரையுமே நம்பமாட்டார்கள்.

அன்புடன்,
பெரியம்மா